தொடாமல் எண்ணிய ரத்தம்

1

ரத்தத்தில் சாதி இல்லை என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். உண்மைதான். எந்த மெஷினில் வைத்து எண்ணினாலும் அது சேரி ரத்தம், ஊர் ரத்தம் என்று பிரித்துக் காட்டாது. ஆனால் ஒரு பொம்பளையை எத்தனை மாசம், எத்தனை வருஷம் கவனிக்காமல் போட்டுவைத்தோம் என்பதை அதே ரத்தம் ஓரளவுக்குக் காட்டிவிடுகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்த பெண்ணின் ரத்த ரிப்போர்ட்டில் பிளேட்லெட் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

பிளேட்லெட் என்றாலே நமக்கு டெங்கு ஞாபகம் வரும். ஐம்பதாயிரத்துக்கு இறங்கிவிட்டது, பப்பாளி இலையை அரைத்துக் கொடு என்று தெருவே பரபரக்கும். கூடினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. இந்த நோயில் கூடுவதுதான் கெட்ட சேதி.

மங்கலம்பேட்டையில் நான் வங்கிக் குமாஸ்தா. லட்சம் என்கிற சொல் நாள் முழுக்க என் கையில் புழங்குகிறது. கவுன்டருக்கு வெளியே நிற்கிற நம் பொம்பளைகள் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள், களை வெட்டப் போகிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள். விருத்தாசலத்து பீங்கான் கம்பெனிகளில் பொம்மைக்கு வண்ணம் பூசியவர்களும் உண்டு. பாஸ்புக்கில் ஒரு லட்சத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இவர்களில் எத்தனை பேர்? எனக்குப் பெரியம்மா முறை ஆகிற ஒருத்தியின் ரத்தத்தில் ஐந்தரை லட்சம் இருந்தது. அந்தத் தாளை அவளுக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. என்னிடம் கொண்டுவந்து நீட்டி, "லட்சக் கணக்குல இருக்குதே பாப்பா, நல்லதுதானே?" என்று கேட்டாள்.

நல்லதா கெட்டதா என்பதற்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. கொஞ்சம் விஞ்ஞானம் பேசியாக வேண்டும். நம் உடம்பைப் பற்றிய விஞ்ஞானம் நமக்குத் தெரியாமலே இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் நடப்பு அப்படித்தான் இருக்கிறது.

2

பிளேட்லெட் என்பது ரத்தத்தில் மிதக்கும் மிகச் சிறிய துணுக்கு. தட்டணு என்று தமிழில் எழுதுகிறார்கள். எலும்பு மஜ்ஜையில் உள்ள பெரிய செல்களிலிருந்து பிய்ந்து வந்து ஏழெட்டு நாள், மிஞ்சினால் பத்து நாள் ரத்தத்தில் சுற்றும். கத்தி பட்டால், அரிவாள் பட்டால் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைக்கும். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு சொட்டில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கில், ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருப்பது இயல்பு.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சிகிச்சை ஆரம்பிக்கும் முன் எடுத்த ரத்தத்தில் பிளேட்லெட் அதிகமாக இருந்த பெண்கள், மொத்தமாகக் கணக்குப் பார்க்கும்போது, மற்றவர்களைவிடக் குறைந்த காலமே பிழைத்திருந்தார்கள் என்பதை 1990களிலிருந்து பல நாட்டு ஆய்வுகள் சொல்லி வருகின்றன. எங்கே கோடு போடுவது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உண்டு. மூன்று லட்சத்தில் போட்டவர்கள் இருக்கிறார்கள், நாலு லட்சத்தில் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஏன் கூடுகிறது? இதற்கான விளக்கம் பக்கத்து வீட்டு நோயிலிருந்து கிடைத்தது. சினைப்பைப் புற்றுநோய் வந்த 619 பெண்களை வைத்து அமெரிக்காவிலிருந்து 2012ல் வெளியான ஆய்வு ஒன்றில் அவர்களில் 31 சதவீதம் பேருக்கு பிளேட்லெட் கூடியிருந்தது. கட்டி இன்டர்லூகின்-6 என்ற பொருளைச் சுரக்கிறது. அது கல்லீரலைத் தூண்டுகிறது. கல்லீரல் மஜ்ஜைக்கு ஆணை அனுப்புகிறது. மஜ்ஜை பிளேட்லெட்டை உற்பத்தி செய்து தள்ளுகிறது. அந்த பிளேட்லெட்டுகள் கட்டிக்கே ஊழியம் செய்கின்றன. வளர்ச்சிக்கு வேண்டிய பொருள்களைக் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் போகிற புற்றுச் செல்லைச் சுற்றி நின்று, உடம்பின் காவல் செல்கள் கண்ணில் படாமல் மறைக்கின்றன. கட்டி தன் அடியாட்களை நம் உடம்பின் செலவிலேயே வைத்துக்கொள்கிறது என்று சொன்னால் நம் ஜனங்களுக்குச் சட்டென்று புரியும். நாம் பார்க்காத விஷயமா?

இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுதாமல் விட்டால் பாதிக் கணக்குத்தான். உடம்பில் இரும்புச் சத்து குறைந்தாலும் பிளேட்லெட் கூடும். மாசக் கணக்கில் ரத்தம் போய்க்கொண்டிருந்தால் இரும்புச் சத்து எங்கே இருக்கும்? அதற்கு முன்னாலேயே நம் பெண்களிடம் என்ன இருந்தது? 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15லிருந்து 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேர் ரத்தச்சோகை உள்ளவர்கள். பெரியம்மாவின் அதே தாளில் ஹீமோகுளோபின் ஏழு. மேல் வரியில் ஏழு, கீழ் வரியில் ஐந்தரை லட்சம். இரண்டும் ஒரே கதையின் இரண்டு வரி.

ஆகவே அந்த எண்ணை ஜோசியம் போல வாசிக்கக் கூடாது. நாலு லட்சத்தைத் தாண்டியவர்கள் எல்லாம் செத்துப்போவார்கள் என்றும் இல்லை, இரண்டு லட்சத்தில் இருப்பவர்கள் தப்பிவிட்டார்கள் என்றும் இல்லை. சில ஆய்வுகளில் கட்டியின் அளவையும் நோயின் கட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது பிளேட்லெட்டுக்கென்று தனி வலு இல்லாமல் போனது. அதன் அர்த்தம் என்ன? கட்டி பெரிசாக இருப்பவளுக்கு, நோய் முற்றியவளுக்கு பிளேட்லெட் கூடுதலாக இருக்கிறது. அந்த எண் பெருமளவுக்குத் தாமதத்தின் நிழல். அதைக் குறைக்கிறேன் என்று ரத்தம் இளக்கும் மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்குவது ஆபத்து. ஏற்கெனவே ரத்தம் போகிறவளுக்கு இன்னும் போகும்.

நிழலை அடித்து என்ன பயன்? தாமதம் யாருடையது என்று கேட்க வேண்டும்.

3

இந்த நோய் திடீரென்று வருவதல்ல. ஹெச்பிவி என்ற வைரஸ் தொற்றி, போகாமல் தங்கி, கர்ப்பப்பை வாயின் தோல் மெல்ல மாறி, புற்றாக முற்ற பெரும்பாலும் பத்து பதினைந்து வருஷமாவது ஆகும். அந்தப் பத்து பதினைந்து வருஷமும் கண்டுபிடிக்க முடியும். ஆரம்ப மாற்றத்தைச் சில நிமிஷத்தில் உறையவைத்தோ சுட்டோ அகற்றிவிட முடியும். புற்றாகவே ஆனாலும் முதல் கட்டத்தில் வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குக் குறையாமல் ஐந்து வருஷத்தைத் தாண்டுகிறார்கள். மூன்றாம் கட்டத்தில் பாதிப் பேர் தாண்டுவதே கஷ்டம்.

பெரியம்மா மூன்றாம் கட்டத்தில் போனாள். அதற்கு முன் இரண்டு வருஷம் வெள்ளைப்பட்டது. "பொம்பளயாப் பொறந்தா எல்லாத்துக்கும் உள்ளதுதானே" என்று இருந்தாள். நாற்றம் வந்ததும் தனியார் டாக்டர் ஒருவரிடம் போனாள். மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் மாத்திரை. ஒரு தடவைகூடப் படுக்கவைத்துப் பார்க்கவில்லை. கோயிலில் திருநீறை மேலேயிருந்து போடுவார்களே, அந்த மாதிரி உள்ளங்கையில் விழுந்த மாத்திரை. நின்று நாலு வருஷமான தீட்டு மறுபடி வந்தபோது, "நின்னது திரும்ப வந்துருச்சு பாப்பா, ஒடம்புல இன்னம் தெம்பு இருக்கும்போல" என்று என்னிடம் சிரித்தபடி சொன்னாள். அது தீட்டு இல்லை, மாதவிடாய் நின்ற பிறகு வருகிற எந்த ரத்தமும் டாக்டரிடம் போகவேண்டிய ரத்தம் என்று அவள் வயசுக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. நான் பிடித்துத் தள்ளாத குறையாக விருத்தாசலம் அனுப்பி, அங்கிருந்து புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டி இடுப்பெலும்பு வரை போயிருந்தது.

இந்த நோயைக் கண்டுபிடிக்க ஒருத்தி இன்னொருத்தியைத் தொட வேண்டும். கருவியை உள்ளே வைத்து, அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, கண்ணால் பார்க்க வேண்டும். வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் சந்தேகம். பெரிய மெஷின் வேண்டாம், கரண்டுகூட வேண்டாம். கையும் கண்ணும் மனசும் போதும். அந்தக் கைதான் நம் தெருவுக்கு வருவதில்லை.

ரத்தத்தை எண்ணுவது அப்படியில்லை. ஊசியால் குத்தி, குழாயில் பிடித்து, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிட்டால் மெஷின் எண்ணிக் கொடுத்துவிடும். தொடவேண்டிய காலமெல்லாம் தொடாமல் விட்டு, கடைசியில் தொடாமலே எண்ணிச் சொல்கிறார்கள்: ஐந்தரை லட்சம். நம் பெண்களுக்கு எண் கிடைக்கிறது. கை கிடைக்கவில்லை. என் கோபமெல்லாம் இதில்தான் இருக்கிறது.

தொடுவதை நான் உவமையாகப் பேசவில்லை. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்கு மருத்துவம் எப்படிக் கிடைக்கிறது என்று சங்கமித்ரா ஆச்சார்யா செய்த ஆய்வு 2010ல் வெளிவந்தது. 200 தலித் குழந்தைகளிடம் கேட்டிருந்தார். மருந்து கொடுக்கும்போது தொடாமல் கொடுப்பது அங்கே சாதாரணமாக நடந்தது. குழந்தையின் கையையே தொடாதவர்கள் தாயின் கர்ப்பப்பை வாயை எப்படித் தொடுவார்கள்?

இதற்கு மேல் பழி வேறு. இந்த நோய்க்கான காரணங்கள் என்று எழுதும்போது சுத்தக்குறைவு, சின்ன வயசுக் கல்யாணம், பலரோடு உறவு என்று பட்டியல் போடுகிறார்கள். படிக்கிறவன் உடனே சேரியைத்தான் திரும்பிப் பார்க்கிறான். ஹெச்பிவி உடலுறவில் பரவும் சர்வசாதாரணமான வைரஸ். ஒரே புருஷனோடு வாழ்ந்தவளுக்கும் வரும். அந்த ஒரு புருஷன் போதும். 1983லும் 1984லும் இந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகளைப் புற்றுக் கட்டிகளில் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹாசன். 2008ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நோபல் கொடுத்த பிறகும் நம் ஊரில் பொம்பளையின் ஒழுக்கத்தைத்தான் சோதிக்கிறார்கள். வைரஸைச் சோதிப்பதில்லை.

4

கை வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். இதே தமிழ்நாட்டில், திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்திருக்கிறது. 2000த்தில் தொடங்கி, அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவமனையும் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு. மாவட்டத்தின் கிராமப் பகுதியை 114 தொகுப்பாகப் பிரித்தார்கள். 57 தொகுப்பில் 30லிருந்து 59 வயதுப் பெண்களை, பயிற்சி பெற்ற நர்சுகள் அமிலம் தடவிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் 49,311 பெண்கள். 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். வெட்கம், அறியாமை, கூப்பிட்டாலும் வரமாட்டாளுக என்று சொல்கிறவர்கள் இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிவு 2007ல் லான்செட் இதழில் வந்தது. நோய் வருவது 25 சதவீதம் குறைந்தது. சாவு 35 சதவீதம் குறைந்தது. நர்சின் கையும் ஒரு பாட்டில் அமிலமும் செய்த வேலை.

மற்ற 57 தொகுப்பில் 30,958 பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பரிசோதனை இல்லை. வழக்கம் போல இருந்தார்கள். எத்தனை பேர் சாகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் தேவைப்பட்டார்கள். மும்பையின் குடிசைப் பகுதிகளிலும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலும் இதே மாதிரி ஆய்வுகள் நடந்தன. மூன்றிலும் சேர்த்துப் பரிசோதனை இல்லாமல் விடப்பட்ட பெண்கள் சுமார் 1,38,000 பேர், அவர்களில் குறைந்தது 254 பேர் இந்த நோயில் செத்தார்கள் என்று எரிக் சுபா என்ற அமெரிக்க மருத்துவர் 2014ல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் எழுதினார். பெரிய விவாதம் நடந்தது. இந்தியாவில் அப்போது யாருக்குமே பரிசோதனை கிடையாது, ஆகவே நாங்கள் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்பது ஆய்வாளர்கள் தரப்பு.

அந்தப் பதிலைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒன்றும் கொடுக்காமல் வைத்திருப்பதுதான் இங்கே வழக்கம், வழக்கத்தை நாங்கள் மீறவில்லை! ஆய்வின் பயனை நான் மறுக்கவில்லை. மேலே சொன்ன 35 சதவீதமே அந்த ஆய்வு தந்த எண்தான். ஆனால் குடிசைப் பொம்பளைகளும் காட்டு வேலைப் பொம்பளைகளும் சும்மா விடப்பட்டுச் சாவதை எண்ணி, ஒரு பரிசோதனை பயனுள்ளது என்று நிரூபித்த நாடு, நிரூபித்த பிறகாவது ஓடிவந்து கொடுத்திருக்க வேண்டாமா?

தமிழ்நாடு அரசு 2007 வாக்கில் தேனியிலும் தஞ்சாவூரிலும் சோதனைத் திட்டம் நடத்தி, பிறகு எல்லா மாவட்டத்துக்கும் விரித்தது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். 2019-21 கணக்கெடுப்பில் 30லிருந்து 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8. நாட்டிலேயே நாம்தான் முதல். முதல் வந்தவர்களிடமே பத்தில் ஒன்பது பெண்களைக் கை தொடவில்லை. 2022ல் மட்டும் இந்தியாவில் சுமார் 80,000 பெண்கள் இந்த நோயில் செத்ததாக உலகக் கணிப்பு சொல்கிறது. ஆறேழு நிமிஷத்துக்கு ஒருத்தி.

5

தாமதமாகப் போனவளுக்கு என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரண்டு வைக்கிறது என்று ஜனங்கள் சொல்கிற கதிர்வீச்சு, வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம். வாரம் ஒரு தடவை சிஸ்பிளாட்டின் மருந்து. பிறகு கர்ப்பப்பைக்குள்ளேயே வைக்கும் கதிர்வீச்சு. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்தால், இழுக்கிற ஒவ்வொரு நாளும் பயன் குறையும்.

இங்கே பிளேட்லெட் மறுபக்கமாக வருகிறது. மருந்து மஜ்ஜையையும் தாக்கும். ஐந்தரை லட்சமாக இருந்தது சில வாரத்தில் இறங்கிக்கொண்டே போகும். ஒரு லட்சத்துக்கும் கீழே போனால் பொதுவாக மருந்தை நிறுத்தி வைப்பார்கள். முதலில் கூடியது கெட்ட சேதி, இப்போது குறைவது கெட்ட சேதி. வாரா வாரம் ரத்தம் எடுத்து எண்ணுவது இதற்குத்தான். ரத்தச்சோகையோ கதிர்வீச்சின் பலத்தையே குறைக்கும். பிராணவாயு போய்ச் சேராத கட்டியைக் கதிர் லேசில் கொல்லாது. அதனால் ஹீமோகுளோபினைப் பத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். ஏழில் வந்தவளுக்கு முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும். ரத்தம் ஏற்ற ஆள் கொண்டுவா என்பார்கள். கூலிக்குப் போகிற ஜனம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அங்கே போய் நிற்க வேண்டும்.

மருத்துவச் செலவுக்குக் காப்பீடு இருக்கிறது. எட்டு வாரக் கூலிக்கு எந்தக் காப்பீடும் இல்லை. 2021ல் வந்த மகளிர் இலவசப் பயணம் டவுன் பஸ்ஸுக்கு மட்டும். உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், புதுச்சேரி என்று மாறி மாறிப் போகிற வெளியூர் பஸ்ஸுக்குச் செல்லாது. பெரியம்மா நாலாவது வாரத்தில் ஆறு நாள் போகவில்லை. முந்திரி சீசன். "ஒரு வாரந்தானே பாப்பா, அடுத்த வாரம் சேத்து வச்சிக்கலாம்" என்றாள். கதிர்வீச்சைக் கடன் பாக்கி மாதிரி சேர்த்துக் கட்ட முடியாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? பதினோரு மாதம் இருந்தாள்.

6

என்ன செய்யலாம்? நான் டாக்டர் இல்லை. ஆனாலும் சில விஷயம் கேட்பதற்கு டாக்டர் படிப்பு வேண்டாம்.

பரிசோதனை காலனிக்கு வர வேண்டும். சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்ப முடிகிற அரசுக்கு, மாசம் ஒரு நாள், வேலை விட்டு வந்த பிறகு சாயங்காலம், பெண் நர்ஸ் ஒருத்தரை ஒரு மறைப்போடு அனுப்ப முடியாதா? பெண்ணே தன் கையால் மாதிரி எடுத்துக் கொடுக்கும் ஹெச்பிவி பரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வரவேற்கிறேன், வெட்கப்படுகிறவளுக்கு அது வசதி. ஆனால் அதுவே தொடாமல் தப்பித்துக்கொள்ள இன்னொரு வழியாகிவிடக் கூடாது. வைரஸ் இருக்கிறது என்று வந்தவளைக் கட்டாயம் ஒரு கை தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தடுப்பூசி வேண்டும். 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போட 2025 மார்ச் வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாடு அரசு 36 கோடி ரூபாய் அறிவித்தது. நம் பிள்ளைகள் முதல் வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் அன்றைய ஆந்திராவின் கம்மத்தில் 2009ல் நடந்த மாதிரி வேண்டாம். அங்கே ஆதிவாசிப் பிள்ளைகளுக்காக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2010ல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013ல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசியின் மேல் குறை இல்லை, கேட்காமல் போட்டதுதான் குறை. தாயிடம் விளக்கிச் சொல்லிக் கேட்டுப் போடுங்கள்.

ரத்த ரிப்போர்ட்டை அவளுக்குத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் என்ன அர்த்தம், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று. அவள் உடம்பின் கணக்கு அது. நாங்கள் வங்கியில் பத்து ரூபாய் வட்டிக்குக்கூட வரவு வைத்து அச்சடித்துக் கொடுக்கிறோம். ரத்தச்சோகையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சரிசெய்ய வேண்டும். சிகிச்சை நடக்கும் எட்டு வாரத்துக்கு தினக்கூலியும் போக்குவரத்தும் தங்க இடமும் அரசு கொடுக்க வேண்டும். பாதியில் நின்றுபோன சிகிச்சையின் செலவைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

கடைசியாக நம் இயக்கத்து அண்ணன்மாரிடம் ஒன்று. பஞ்சமி நிலம் பேசுகிறோம், இட ஒதுக்கீடு பேசுகிறோம், கோயில் நுழைவு பேசுகிறோம். எல்லாம் பேச வேண்டியதுதான். உங்கள் அம்மாவுக்கு வெள்ளைப்படுகிறதா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? மாநாட்டுக்கு வேன் பிடிக்கிற நீங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை அதே வேனில் தெருப் பொம்பளைகளைப் பரிசோதனைக்கு ஏற்றிப் போக முடியாதா? முப்பது வயசு தாண்டிய ஒவ்வொருத்தியின் பெயரையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, பார்த்தாயிற்று, பார்க்கவில்லை என்று குறித்து வைக்க எந்தத் தலைமையின் உத்தரவும் தேவையில்லை. எங்கள் தெரு நோட்டில் இப்போது 83 பெயர் இருக்கிறது. பரிசோதனை ஆனது 31. மீதி 52 பேரை இந்த முந்திரி சீசன் ஆரம்பிக்கும் முன்னால் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.